படகு பிந்தியதற்கு வரவை வெட்டினால்: முதலுதவிக் கடேற் பிள்ளைகள் முறைப்பாடு எழுதும் முறை

2012 ஜூன் 9, சனிக்கிழமை. காலை 6.30க்கு மண்டூர்த் துறையில் சைக்கிளோடு நின்றேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் படகுப்பாதை (நாங்கள் சுருக்கமாகப் 'பாதை' என்போம்) அக்கரையில், குருமண்வெளிப் பக்கம் நின்றது. நல்ல காற்று. அது மெல்ல இக்கரைக்கு வந்து, மோட்டார் சைக்கிள்களை ஏற்றி, மரக்கறி மூட்டைகளை ஏற்றி, எங்களையும் ஏற்றிக்கொண்டு திரும்புவதற்குள் நேரம் போய்விட்டது. அக்கரையில் இறங்கி மிதித்த மிதியில் பயிற்சி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 7.42. முதலுதவிக் கடேற்களாகிய (பயிலுநர்களாகிய) எங்களுக்குப் பயிற்சி தொடங்குவது 7.30க்கு. பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் அன்றைய வரவு இல்லை என்பது விதி. வரவுப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்தது. அதற்குப் பிறகு 11.30 வரை முழுப் பயிற்சியும் செய்தேன். கை முறிந்தவருக்கு முக்கோணத் துணியில் தூக்கு எப்படிக் கட்டுவது என்று முன்னால் அழைத்துக் காட்டச் சொன்னார்கள். கட்டிக் காட்டினேன். ஆனால் புத்தகத்தின்படி நான் அன்று வரவே இல்லை.

நான்கு சிவப்புக் கோடு விழுந்தால் அந்த ஆண்டுச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு இருக்க முடியாது. கோயில் திருவிழாக் கடமைக்குப் பெயர் போடும்போதும் அந்தப் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அப்போது நான் பத்தாம் ஆண்டு. இப்போது வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். அங்குள்ள முதலுதவிக் குழுவுக்கும் பொறுப்பாக இருக்கிறேன். ஆகவே முறைப்பாடு எழுதுபவரின் மனமும் தெரியும், அதை வாங்கி வாசிப்பவரின் மனமும் தெரியும். நான் இருந்த அமைப்பின் பெயரை எழுதவில்லை. அந்த விதியும் மாறிவிட்டது, அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர்களும் மாறிவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை என்னிடம் வந்து, "மிஸ், இத எப்படிச் சொல்றது, ஆரிட்டச் சொல்றது?" என்று கேட்கிறது. அந்தப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எழுத முதல்: இது எந்த வகைக் குறை?

ஒரு சம்பவ இடத்துக்குப் போனவுடன் நாம் முதலில் பார்ப்பது ஆபத்து இருக்கிறதா என்பதை. குறையையும் அப்படியே பாருங்கள்.

பயிற்சியில் யாராவது உங்களை அடித்தாலோ, தொடக்கூடாத விதமாகத் தொட்டாலோ, கூசும்படி பேசினாலோ, அது பயிற்சி விதி பற்றிய விடயமே அல்ல. அதற்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே வீட்டில் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், காசு இல்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரிடமும் போகலாம். இதில் அமைப்பின் பெயர் கெட்டுவிடுமே என்று ஒரு பிள்ளையும் யோசிக்கத் தேவையில்லை.

உயிருக்கு ஆபத்தான விதி அடுத்த வகை. வெயிலில் தண்ணீர் குடிக்க விடாதது, காய்ச்சலோடு வந்த பிள்ளையை ஓட விடுவது, நீந்தத் தெரியாதவரை வாவியில் இறக்குவது போன்றவை. இவற்றை அந்த இடத்திலேயே வாயால் சொல்ல வேண்டும். எழுத்து பிறகு வரலாம்.

மூன்றாவது வகை அநீதியான, அல்லது ஊரின் நிலைமைக்குப் பொருந்தாத விதி. வரவு, சீருடை, சந்தா, யாரைக் கடமைக்கு எடுப்பது போன்றவை. இந்தக் குறைகளைத்தான் பிள்ளைகள் ஆகலும் மோசமாக எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்.

என் முதல் கடிதம் ஏன் தோற்றது

ஜூன் 23 எனக்கு இரண்டாவது சிவப்புக் கோடு. பதினேழு நிமிடப் பிந்தல். அன்று இரவே ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். வரவு விதி, தண்ணீர் விதி, அணிநடைக்கு நேரம் கூட முதலுதவிக்குக் குறைவு, சீருடைச் சப்பாத்தின் விலை, ஒரு பயிற்றுநர் ஆட்களைப் பார்த்து நடக்கிறார் என்பது, ஐந்தையும் ஒரே கடிதத்தில் போட்டேன். பதினான்கு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். அதில் பாதிப் பேர் கடிதத்தை வாசிக்காமலே போட்டார்கள். எங்கள் பொறுப்பாசிரியருக்குக் காட்டாமல் நேரே மேலிடத்துக்குத் தபாலில் அனுப்பினேன்.

பதில் எனக்கு வரவில்லை. அப்பாவுக்குத்தான் அழைப்பு வந்தது. கடிதத்தில் இருந்த ஐந்து விடயத்தில் ஒன்றையும் யாரும் பேசவில்லை. கையெழுத்து வாங்கியது யார், தூண்டிவிட்டது யார் என்பதையே கேட்டார்கள். கையெழுத்துப் போட்ட பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டபோது, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது என்றார்கள். அது உண்மையும்கூட. அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுபோனது நான். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். ஒரு கடிதத்துக்கு ஒரு விதி போதும். ஆளைப் பற்றிய குற்றச்சாட்டையும் விதியைப் பற்றிய குறையையும் ஒரே தாளில் எழுத வேண்டாம். வாசிப்பவர் ஆளைக் காப்பாற்றத்தான் ஓடுவார், விதி அப்படியே இருந்துவிடும். கையெழுத்து வாங்குவதானால் ஒவ்வொருவரும் வாசித்து, தன் பெயருக்கு நேரே தனக்கு நடந்ததை ஒரு வரியில் எழுதட்டும். அப்படி எழுதத் தயாராக இல்லாதவரின் கையெழுத்து வேண்டாம். இரண்டு பேர் எழுதினாலும் போதும்.

விதி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள்

பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். மைதானத்தில் "இதுதான் விதி" என்று சொல்லப்படுவதெல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. சில, அமைப்பின் நாடளாவிய கையேட்டில் இருக்கும். சில, மாவட்ட மட்டத்தில் தீர்மானித்தவை. சில, அந்தக் குழுவின் பொறுப்பாளர் ஒரு நாள் சொல்லி அப்படியே பழக்கமாகிப் போனவை. எங்கள் பத்து நிமிட விதி மூன்றாவது வகை. கையேட்டில் இருந்தது பரீட்சைக்குக் குறிப்பிட்ட அளவு வரவு வேண்டும் என்பது மட்டும். பிந்தி வந்தவரை வராதவராகக் கணக்கெடு என்று எங்கும் இல்லை.

இதை எப்படிக் கேட்பது? சண்டைக்குப் போவதுபோல் கேட்கக் கூடாது. நான் கேட்ட விதம்: "சேர், பரீட்சைக்கு வரவு எவ்வளவு வேணும் எண்டு கொப்பியில எழுதி வைக்கோணும். அந்தப் பக்கத்தைக் காட்டுவீங்களா?" அவரே புத்தகத்தைத் திறந்து தந்தார். நான் பக்க எண்ணோடு எழுதிக்கொண்டேன்.

யார் வைத்த விதியோ அவரால்தான் அதை மாற்ற முடியும். குழு வைத்த விதிக்குக் கொழும்புக்கு எழுதினால், அது சுற்றிச் சுற்றி அதே குழுவிடம்தான் வரும், வரும்போது கோபத்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

உங்கள் குழு அரச பாடசாலையில் இயங்கினால் இன்னொரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் பாடசாலையும் வலயக் கல்விப் பணிமனையும் பகிரங்க அதிகாரசபைகள். எழுதப்பட்ட விதியின் பிரதியைத் தரும்படி தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் மட்டும் இதற்குப் போங்கள். அதுவும் அப்பா அம்மா பெயரில் விண்ணப்பித்தால் பிள்ளையின் தலையில் பாரம் விழாது.

கொப்பி

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு பயிற்சி நாளும் வீட்டுக்கு வந்தவுடன் நான்கு வரி. திகதி, எத்தனை மணிக்குப் போனீர்கள், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். மனதில் பட்டதை எழுத வேறு கொப்பி வைத்திருங்கள். இதில் நடந்தது மட்டும்.

என் கொப்பியில் இருந்தது இவ்வளவுதான். ஜூன் 9, 12 நிமிடம். ஜூன் 23, 17 நிமிடம். ஜூலை 7, 14 நிமிடம். மூன்று நாளும் துறைக்கு வந்தது 6.30. ஜூலை 7 இரவு விளக்கடியில் இருந்து அதைக் கூட்டினேன். 43 நிமிடம். பயிற்சி ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம் என்பதால், புத்தகத்தின்படி நான் இழந்தது 12 மணித்தியாலம். அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது என் கோபம் எனக்கே தேவையில்லாமல் போய்விட்டது. யாரிடம் காட்டினாலும் விளங்கும்.

அந்த வருடம் மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தக் கடமைக்கு என் பெயர் வரவில்லை. மூன்று கோடு விழுந்தவரை எடுப்பதில்லை என்றார்கள். குளக்கரையில் சனம் நெருக்குப்படும், மயங்கி விழும் அம்மாமாரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுவர வேண்டும், அந்த வேலைக்காகத்தான் நான் இந்தச் சீருடையையே போட்டேன். அதையும் ஒரு வரியில் எழுதினேன்: கடமைப் பட்டியலில் பெயர் இல்லை, காரணம் வரவு எனச் சொல்லப்பட்டது, சொன்னவர் யார். அழுதேன் என்று எழுதவில்லை. கொப்பிக்கு அது தேவையில்லை.

நோயாளியை ஒப்படைப்பதுபோல் எழுதுங்கள்

அம்புலன்ஸ் வந்ததும் நாம் என்ன சொல்வோம்? ஆள் யார், எத்தனை மணிக்கு என்ன நடந்தது, நாம் என்ன கண்டோம், என்ன செய்தோம், இப்போது என்ன நிலை. அரை நிமிடத்தில் முடிக்க வேண்டும். "இந்த ரோட்டில எப்பவும் இப்படித்தான், ஆரும் கவனிக்கிறல்ல" என்று யாரும் தொடங்குவதில்லை. முறைப்பாட்டையும் அதே ஒழுங்கில் எழுதலாம் என்று என் வகுப்பாசிரியை சொன்னார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஜூலை 29 எழுதிய இரண்டாவது கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. ஏறத்தாழ இப்படி:

*பொறுப்பதிகாரி அவர்கட்கு,*
*பாடசாலைப் பொறுப்பாசிரியர் ஊடாக.*

*விடயம்: பிந்தி வரும் கடேற்களின் வரவைக் குறிக்கும் விதி*

*மதிப்பிற்குரிய ஐயா,*

*நான் மண்டூரில் இருந்து படகுப்பாதையால் பயிற்சிக்கு வரும் கடேற். 10 நிமிடத்துக்கு மேல் பிந்தினால் அன்றைய வரவு இல்லை என்ற விதியால் எனக்கு ஜூன் 9, ஜூன் 23, ஜூலை 7 ஆகிய மூன்று நாள் வரவு குறிக்கப்படவில்லை.*

*அந்த நாட்களில் முறையே 12, 17, 14 நிமிடம் பிந்தினேன். மூன்று நாளும் 11.30 வரை இருந்து பயிற்சியை முடித்தேன். பிந்திய நேரம் மொத்தம் 43 நிமிடம். இழந்ததாகக் கணக்கிடப்பட்டது 12 மணித்தியாலம்.*

*மூன்று நாளும் காலை 6.30க்குத் துறையில் நின்றேன். காற்றுள்ள நாட்களில் பாதை பிந்துகிறது. பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வர சைக்கிளில் இதைவிட நேரம் எடுக்கும். விடிய முதல் வரும் பாதைக்கு நான் தனியே இருட்டில் வர வேண்டும். அதற்கு வீட்டில் சம்மதிக்கவில்லை.*

*கையேட்டில் பரீட்சைக்குத் தேவையான வரவு சொல்லப்பட்டுள்ளது. பிந்தி வந்தவரை வராதவராகக் கொள்ளும்படி சொல்லப்படவில்லை.*

*பிந்திய நிமிடங்களைத் தனியே குறித்து, பயிற்சி முடிந்தபின் அந்த நேரத்தை நாங்கள் ஈடுசெய்ய அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மைதானத்தைத் துப்பரவாக்குதல், கட்டுத்துணிகளை மடித்து வைத்தல் போன்ற எந்த வேலையையும் செய்யத் தயாராக இருக்கிறேன்.*

*இப்படிக்கு,*

பாலத்தால் வரலாம்தானே என்று கட்டாயம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பதிலைக் கடிதத்திலேயே வைத்தேன். உங்கள் கடிதத்தை எழுதிவிட்டு, அதை மறுக்க விரும்பும் ஒருவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி எது என்று யோசியுங்கள். அதற்கு ஒரு வரி சேருங்கள். ஒன்று போதும், பத்துக் கேள்விக்கும் பதில் எழுதப்போனால் கடிதம் வழக்குப் பத்திரமாகிவிடும்.

கடைசிப் பந்தியில் என்ன வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். "நல்ல முடிவு எடுக்கவும்" என்று முடித்தால் எடுப்பவருக்கு எதை எடுப்பது என்றே தெரியாது. அவருக்கு நாளைக்கே செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்.

தண்ணீர் விதி: அவர்கள் படிப்பித்ததையே எடுத்துக் காட்டுங்கள்

எங்களுக்கு 7.30 முதல் 9.30 வரை முதலுதவிச் செய்முறை. பிறகு 11.30 வரை அணிநடை. தண்ணீர்ப் போத்தல்கள் வேப்பமரத்தடியில் வரிசையாக இருக்கும். அணிநடை முடியும்வரை தொடக் கூடாது. மட்டக்களப்பில் ஜூன், ஜூலை என்றால் கச்சான் காற்று. மலைநாட்டைத் தாண்டி இறங்கி வரும்போது ஈரமெல்லாம் போய், அடுப்பைத் திறந்ததுபோல் வீசும். வியர்வை உடம்பில் நிற்காமல் காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போகிறது என்றே தெரியாது.

ஜூலை 14, நேரம் 10.50. இரண்டாவது வரிசையில் நின்ற பிள்ளை கொட்டாவி விட்டாள். முகம் வெளிறியது. பிறகு முழங்கால் மடிந்து சரிந்தாள். நானும் இன்னொருத்தியும் அவளை நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, இடுப்புப் பட்டியையும் கழுத்துப் பட்டியையும் தளர்த்தினோம். நினைவு முழுதாக வந்தபின் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் எழுந்து இருந்தாள். எங்களுக்கு அதைப் படிப்பித்தவர்களே அந்த விதியையும் வைத்திருந்தார்கள். என் கொப்பியில் ஜூன் 30 திகதியிட்ட பாடக்குறிப்பு இருந்தது: வெப்பத்தால் களைப்படைபவருக்குத் தலைச்சுற்று, தலையிடி, குமட்டல் வரும், வராமல் தடுக்க, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் குடிக்க வேண்டும், நெடுநேரம் அசையாமல் நின்றால் இரத்தம் காலில் தங்கி மயக்கம் வரும்.

வரவுக் கடிதத்தோடு சேர்க்காமல், தண்ணீருக்கு வேறாக ஒரு சிறிய கடிதம் எழுதினேன். அதில் என் கருத்து ஒரு சொல்லும் இல்லை. மேலே ஜூலை 14 நடந்தது, கீழே ஜூன் 30 பாடக்குறிப்பு, கடைசியில் கோரிக்கை: அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நிழலில் தண்ணீர். வேறு எந்தக் குறையிலும் இவ்வளவு பலம் உங்களுக்குக் கிடைக்காது. முதலுதவி படிப்பிக்கும் அமைப்பால் தன் பாடத்தை மறுக்க முடியாது.

இன்னொன்றும் எழுதினேன். ஜூலை 21 ரமழான் நோன்பு தொடங்கியிருந்தது. மருதமுனையில் இருந்து வந்த பிள்ளைகளை அன்று அணிநடையிலிருந்து விலக்கி நிழலில் கட்டுப்போடும் பயிற்சி செய்ய விட்டார்கள். அது சரியான, நல்ல முடிவு. அதற்கு நன்றி சொல்லி, அதே அக்கறையை மற்ற மாதங்களுக்கும் கேட்டேன். உங்கள் குழுவிலும் இப்படி ஏற்கெனவே நல்லதாகச் செய்த ஒன்று இருக்கும். அதைத் தேடிப்பிடித்து அதிலிருந்து தொடங்குங்கள்.

இப்போது எழுதுபவர்களுக்கு என்னிடம் இல்லாத ஒன்று கையில் இருக்கிறது. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவன் உயிரிழந்தான். அந்த வெயில் காலத்தில் வெளியரங்க நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தும்படி கல்வி அமைச்சும் பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. அந்த அறிவுறுத்தலின் பிரதி அதிபரிடம் இருக்கும், கேட்டு வாங்கி இணையுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைக் கடிதத்தில் பயன்படுத்தாதீர்கள். அவன் வீட்டாருக்கு அது இன்னும் ஆறாத புண்.

மைதானத்தில் ஒருவர் தடுமாறிப் பேசினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், அது வெப்பத் தாக்கு. உடல் வெப்பம் 40 பாகைக்கு மேல் போயிருக்கும். யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, விசிறி, 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். அந்த நேரம் வரிசையை விட்டு வெளியே வந்ததற்கு யாராவது தண்டித்தால், அது முறைப்பாட்டின் முதல் வரியாகட்டும்.

யாரிடம் கொடுப்பது

முதலில் பாடசாலைப் பொறுப்பாசிரியர். அவருக்குத் தெரியாமல் மேலே போனால் அவர் உங்களுக்காகப் பேச முடியாமல் போய்விடும். என் இரண்டாவது கடிதத்தை அவரிடம் கொண்டுபோனபோது, "மகள், இத முதல்லயே எனக்கிட்டத் தந்திருக்கலாமே" என்றார். ஒரு சொல்லை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு மேலே அனுப்பினார். அவர் ஊடாக அனுப்பியதால் அது பாடசாலையின் கடிதமாகிவிட்டது.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் வாங்கியவரின் கையெழுத்தும் திகதியும் வாங்கி வீட்டில் வையுங்கள். கையெழுத்துத் தரத் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். இரண்டு கிழமையில் பதில் இல்லாவிட்டால் மூன்று வரியில் நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லாவிட்டால் அதிபர், பிறகு அமைப்பின் மாவட்டப் பொறுப்பாளர், பாடசாலைக் குழுவென்றால் வலயக் கல்விப் பணிமனை. மண்டூர்ப் பிள்ளைகளுக்கு அது பட்டிருப்பு வலயம். முகநூலில் போடுவதைப் பற்றிக் கேட்கிறார்கள். வேண்டாம் என்பது என் முடிவு. பிள்ளையின் பெயரும் படமும் ஊர் முழுக்கச் சுற்றும். அதைத் திரும்ப எடுக்க முடியாது.

வீட்டில் சொல்வது பலருக்குப் பயம். என் அப்பாவும், "பெரியாக்களோட மோதாத மகள், படிப்பைப் பாரு" என்றுதான் சொன்னார். கொப்பியைக் காட்டினேன். 43 நிமிடத்தையும் 12 மணித்தியாலத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள், "நானும் வாறன்" என்றார்.

கூப்பிட்டுப் பேசும்போது

ஓகஸ்ட் 19 எங்களைக் கூப்பிட்டார்கள். சீருடையில் போனேன். அப்பா பின்கதிரையில் இருந்தார். பேசியது நான். உங்களுக்கும் அதையே சொல்வேன்: பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் நடந்ததை நீங்களே சொல்லுங்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயத்தில் பிள்ளை கருத்துச் சொல்லவும் அந்தக் கருத்துக்கு மதிப்புக் கிடைக்கவும் உரிமை தருகிறது. அதை அங்கே எடுத்து வாசிக்கத் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் குரல் நடுங்காது.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் பிந்துவாங்க, ஒழுங்கு போயிரும்" என்றார் அதிகாரி. அது வெறும் சாட்டு இல்லை. பொறுப்பில் இருப்பவருக்கு அந்தப் பயம் உண்மையானது, இன்று எனக்கும் இருக்கிறது. நான் சொன்னேன்: "நிமிசத்தை எழுதுங்க சேர். ஆர் சும்மா பிந்துறாங்க, ஆர் பாதையால பிந்துறாங்க எண்டு ரெண்டு மாசத்துல உங்களுக்கே தெரியும்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். பேசி முடித்தபின் வாயை மூடிக்கொண்டு இருப்பது கஷ்டம். வீட்டில் பழகிக்கொண்டு போங்கள்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. பிந்தும் நிமிடங்களைக் கூட்டி, நான்கு மணித்தியாலம் சேர்ந்தால் ஒரு நாள் வரவு இல்லை என்று மாற்றினார்கள். தண்ணீருக்கு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடைவேளை வந்தது. பழைய சிவப்புக் கோடுகளில் இரண்டை எடுத்தார்கள், ஒன்றை விட்டுவிட்டார்கள். ஏன் ஒன்று என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மாமாங்கக் கடமை போனது போனதுதான். அணிநடை நேரத்தைக் குறைக்கச் சொல்லிப் பிறகு ஒருமுறை கேட்டபோது மறுத்தார்கள். அடுத்த வருடம் மண்டூர் முருகன் கோயில் தீர்த்தத்தில், ஒரு குரலுக்கு எட்டுப் பேரும் ஒன்றாக நகர்ந்து சனத்தை விலக்கித் தூக்குப்படுக்கைக்கு வழி எடுத்தபோது, அந்த மறுப்பு சரி என்று பட்டது.

முறைப்பாட்டுக்குப் பிறகு உங்களைக் கடமையிலிருந்து ஒதுக்கினாலோ, முன்னால் விட்டுக் கேலி செய்தாலோ, அதுவும் கொப்பியில் ஏறட்டும். இரண்டு தடவை நடந்தால் முதல் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அதிபரிடம் கொடுங்கள். அது இன்னொரு முறைப்பாடு, முதலாவதைவிடக் கனமானது.

என்னைப் போல் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று. பிள்ளை கடிதத்தோடு வந்தால், முதலில் இருக்கச் சொல்லுங்கள். வாசித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லாதீர்கள். எந்த நாளைக்குள் பதில் தருவீர்கள் என்று ஒரு திகதி சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தத் திகதியே பாதி ஆறுதல்.

பதில் வரும்வரை பயிற்சிக்குப் போவதை நிறுத்தாதீர்கள், பிள்ளைகளே. வராமல் விட்டால் வரவு விதிக்குத்தான் உதவி செய்தவர்களாவீர்கள். அப்போது எனக்கு இன்னும் ஒரு கோடு விழுந்தால் பரீட்சை இல்லை. கடிதம் கொடுத்த பிறகு வந்த மூன்று சனிக்கிழமையும் அப்பா விடிய முதல் டோர்ச் லைட்டோடு என்னைத் துறைக்குக் கூட்டிவந்து, முதல் பாதையில் ஏற்றிவிட்டு வயலுக்குப் போனார். சிறுபோக வெட்டு நெருங்கிய நேரம். நான் ஏழு மணிக்கு முன்பே மைதானத்தில் இருந்தேன், ஆள் இல்லாத வேப்பமரத்தடியில். அந்த மூன்று நாளின் நேரத்தையும் கொப்பியில் எழுதி, கூப்பிட்ட அன்று அதையும் காட்டினேன்.